கெட்டிலுக்குப் பக்கத்து மேசை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அடுப்பை அணைத்தாச்சா? கதவைச் சாத்தியாச்சா? அப்படியே சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். போன வாரம் உங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன், தெரியும். இந்த வாரம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் விடுகிற கதை. வழி கொஞ்சம் மேடுபள்ளம்தான். பயப்படாமல் வாருங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை.

கப்பலக்காவுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. பாதி ஆயுசைப் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தே கழித்தவள். கப்பல் உலகத்தைச் சுற்றியது. ஆனால் அவள் படுத்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அத்தனை கடலையும் சுவரைப் பார்த்தபடியே கடந்தாள். கடைசியில், தம்பியும் தம்பி மனைவியும் பிழைக்க வந்திருந்த வெளிநாட்டிலேயே தானும் இறங்கி, சேர்த்ததையெல்லாம் முதலாகப் போட்டு ஒரு டிராவல்ஸ் கம்பெனி தொடங்குவது என்று முடிவெடுத்தாள்.

"இனிமே எனக்கு ஜன்னலோர சீட்டுதான்" என்றாள்.

ஊரிலிருந்த பெரியண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "அந்தப் பணத்துல இங்க ஒரு வீடு வாங்கிட்டு அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டியதுதானே? போறதா இருந்தா எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நினைச்சுக்கறேன்" என்று போனை வைத்தவர்தான். அப்புறம் எடுக்கவே இல்லை.

அயல்நாட்டுக்காரி அங்கே கம்பெனி வைப்பதென்றால் சும்மாவா? முதலீட்டுப் பணம் பேங்க் வழியாக வர வேண்டும். பயணிகளுக்குப் பாதுகாப்பாக ஒரு தொகையைச் சுற்றுலாத் துறையில் கட்டி வைக்க வேண்டும். தெருவைப் பார்த்த ஆபீஸ், இன்சூரன்ஸ் போட்ட வண்டி, வாசலில் போர்டு. அத்தனையும் செய்தாள். பாக்கி ஒன்றே ஒன்று. அந்த நாட்டுப் பரீட்சையில் தேறிய ஒரு பொறுப்பு மேலாளர் வேண்டும். முதலாளி யாராகவும் இருக்கலாம். வண்டி கிளம்பலாமா கூடாதா என்று சொல்கிறவர் அந்தப் பரீட்சை எழுதியவராக இருக்க வேண்டும்.

தேறிய ஆள் வீட்டிலேயே இருந்தாள். தம்பி மனைவி. அந்த நாட்டு மலைப்பாதை, படகுத்துறை, குறுக்குச் சந்து எல்லாம் அவள் தலைக்குள் இருப்பதால் எல்லாருக்கும் அவள் 'மேப்பு'. ஒரு பெரிய ஹோட்டலில் அறை கூட்டுகிறவளாகச் சேர்ந்து, மொழி கற்று, பரீட்சை எழுதி, பயணிகளுக்கு வழி சொல்லும் மேசைக்கு உயர்ந்தவள்.

கப்பலக்கா விண்ணப்பத்தில் மேப்பு பேரை எழுதிவிட்டாள். கேட்காமலே.

"நம்ம வீட்டுப் பொண்ணு. இதுக்குப் போய்க் கேக்கணுமா?"

சுற்றுலாத் துறையிலிருந்து ஹோட்டலுக்குப் போன் வந்தபோதுதான் மேப்புக்கே விஷயம் தெரிந்தது. மேனேஜர் அம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஓகோ, வேற இடம் பாத்தாச்சா?" என்றாள். அன்றைக்கு நாத்தனாரோடு பேச்சை நிறுத்தினவள்தான் மேப்பு. ஒரே வீடு, ஒரே சமையலறை. பேச்செல்லாம் தம்பி வழியாக.

"என்னங்க, சுடுதண்ணி ஆறுது. உங்க அக்காவைக் குளிக்கச் சொல்லுங்க."

"டேய், கேட்டுச்சுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"டிரைவர் வேலைன்னு சொல்லித்தானே என்னைச் சேத்துக்கிட்டீங்க?" என்பான் தம்பி. "இப்ப தபால்காரன் வேலையையும் தலையில கட்டிட்டீங்க."

சிரிப்பு சிரிப்பாகவே நாள் ஓடி, பரிசோதனை நாள் வந்துவிட்டது. அதிகாரி மத்தியானம் வருவார். மேலாளர் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். லைசென்ஸ் இல்லையென்றால் முதலீட்டாளர் விசா இல்லை. விசா இல்லையென்றால் கப்பலக்கா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கே போவாள்? அண்ணன் கதவு சாத்திக் கிடக்கிறது. மறுபடி ஜன்னல் இல்லாத அறைதான்.

காலையில் மேப்பு ஹோட்டல் உடுப்பை மாட்டிக்கொண்டு, நாத்தனார் பக்கம் திரும்பாமல் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

"கேட்டியாடா?" என்றாள் கப்பலக்கா.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'எழுதினது யாரு, கேக்கறது யாரு'ன்னா."

"நான் எப்படிடா கேக்கறது? என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறா."

தம்பி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "வீட்டுல திருப்பிக்குவா. ஹோட்டல் மேசைக்கு முன்னாடி யார் வந்து நின்னாலும் அவ பேசியாகணும்க்கா. அது அவ வேலை."

கப்பலக்கா செருப்பை மாட்டினாள்.

ஹோட்டல் கூடத்தில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. மேப்பு மேசைக்கு முன்னால் வரிசை. கப்பலக்கா ஒழுங்காகக் கடைசியில் போய் நின்றாள். முறை வந்ததும் மேப்பு பழக்கத்தில் சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. கண் மட்டும் மாறியது. பக்கத்து மேசையில் மேனேஜர் அம்மாள்.

"உக்காருங்க" என்றாள் மேப்பு. பல்லைக் கடித்துக்கொண்டும் இத்தனை அழகாகச் சிரிக்க முடியும் என்று கப்பலக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். "எத்தனை பேருக்குப் பயணம்?"

"ஒருத்திக்குத்தான்."

"எங்கேர்ந்து எங்க?"

"இந்த மேசையிலேர்ந்து நம்ம ஆபீசுக்கு."

"என்னிக்கு?"

"இன்னிக்கு."

"போக வர ரெண்டுக்குமா?"

"போறதுக்கு மட்டும் போதும்மா."

மேப்பு கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள். சும்மாதான் தட்டினாள். பிறகு ஒரு வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். "குனிஞ்சு இதைப் பாருங்க. மேனேஜர் பாக்கறாங்க."

இரண்டு தலையும் வரைபடத்தின் மேல் கவிழ்ந்தன. பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு அம்மா ஊர் சுற்ற வழி கேட்கிறாள்.

"நான் கேக்காம உன் பேரை எழுதிட்டேன்" என்றாள் கப்பலக்கா, ஒரு ஏரியைப் பார்த்துக்கொண்டு.

"பேனாவைப் பாருங்க அண்ணி. என் மூஞ்சியைப் பாக்காதீங்க, அழுதுடுவேன். வேலை நேரத்துல இங்க அழக்கூடாது."

அண்ணி என்றாளே! அந்த வார்த்தையைக் காதால் கேட்டு எவ்வளவு காலமாச்சு! கப்பலக்கா பேனா முனையையே பார்த்தாள்.

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

"தெரியலை." மேப்பு படகுத்துறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "என் ஆத்திரமே அதுதான். என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டீங்க. யோசிக்கக்கூட விடலை. இந்த ஹோட்டலுக்குள்ள நான் வாளியும் துடைப்பமுமா வந்தவ அண்ணி. இன்னிக்கு இந்த மேசை என்னுது. அங்க வந்தா நான் யாரு? தம்பி பொண்டாட்டி."

"இல்லம்மா, மேலாளர்!"

"சரி. மேலாளருக்கு எங்க இடம் போட்டிருக்கீங்க?"

கப்பலக்கா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு இவருக்கு வண்டிச் சாவி குடுக்க வந்தப்ப பாத்தேன்" என்றாள் மேப்பு. "அலமாரிக்குப் பின்னாடி. கெட்டிலுக்குப் பக்கத்துல."

"ஆள் வந்தா டீ போட வசதியா..." என்று சொல்ல வந்த கப்பலக்கா பாதியில் நிறுத்தினாள். சொன்ன அரை வாக்கியமே அவள் காதில் போய் அறைந்தது.

வரிசையில் அடுத்து நின்ற தொப்பிக்காரர் தொண்டையைச் செருமினார். "இந்த அம்மா போற இடம் ரொம்ப தூரமோ?"

"ரொம்ப தூரம் சார்" என்றாள் மேப்பு, அந்த நாட்டு மொழியில், மாறாத சிரிப்போடு. "ஆனா வழி சொல்லிட்டேன்."

கப்பலக்கா எழுந்தாள். எழுந்தவள் மறுபடி குனிந்து, மெதுவாகச் சொன்னாள்: "இப்ப கேக்கறேன், மேப்பு. எங்க கம்பெனிக்கு மேலாளரா வர்றியா? முடியாதுன்னு சொல்றதும் உன் உரிமைதான். அப்படிச் சொன்னா, ராத்திரி சாப்பாட்டுக்காவது என்கூட உக்காரு. தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போகாதே."

மேப்பு வரைபடத்தை மடித்து அவள் கையில் வைத்தாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அடுத்தவங்க!"

அவ்வளவுதான். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கப்பலக்கா வரைபடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் தம்பியைக் கூப்பிட்டாள். "அந்த மேசையைத் தூக்கு."

"எதுக்கு? வர்றாளாமா?"

"சொல்லலை."

"அப்புறம் எதுக்குக்கா? அதிகாரி வர்ற நேரம்."

"அவ வந்தாலும் வராட்டியும் அந்த மூலையில ஒரு மனுஷியை உக்காத்தி வெக்கக் கூடாதுடா. தூக்கு."

மேசையா அது? யானை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை வெளியே கொண்டுவர வேண்டுமானால், ஜன்னலோரத்தில் இருக்கும் கப்பலக்காவின் மேசையை முதலில் நகர்த்த வேண்டும். தம்பி கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, இது உன் இடம். இதுக்காகத்தானே இந்த ஆபீசையே பிடிச்சே?"

உண்மைதான். வாடகைக்கு எத்தனையோ ஆபீஸ் பார்த்து, இந்த அகலமான ஜன்னலுக்காகத்தான் இதற்குச் சம்மதித்தாள். மேசை வந்த அன்றைக்கு அங்கே உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவுல போறவங்க கண்ணுக்கு முதல்ல மேலாளர்தான் தெரியணும்" என்றாள். "நான் டீ நல்லாவே போடுவேன். நீ இழு."

இரண்டு பேரும் இழுத்தார்கள், தள்ளினார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஒரு வழியாக மேப்பு மேசை ஜன்னலுக்குப் போனது. மற்றது நட்டநடு வாசலில் குறுக்கே நின்றது. கப்பலக்கா தரையில் உட்கார்ந்து, மேப்பு மேசையின் ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ.

"இது டிராவல்ஸ் கம்பெனியா, மேசை நாற்காலிக் கடையா?"

மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. அதிகாரி ஒருக்களித்து உள்ளே வந்தார். தம்பி அவசரமாக மேசையை இழுத்து அவருடைய பாதத்தின் மேலேயே வைக்கப் பார்த்தான். நல்லவேளை, அவர் காலை எடுத்துக்கொண்டார்.

போர்டைப் பார்த்தார், சரி. தெருவுக்குத் திறக்கும் கதவு, சரி. தீயணைக்கும் சிலிண்டர், சரி. பாதுகாப்புத் தொகை கட்டிய பேங்க் சான்று, சரி. நெற்றிக் கண்ணாடியை இறக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.

"பொறுப்பு மேலாளர் எங்கே?"

தம்பி தமிழில் முணுமுணுத்தான்: "பல் டாக்டர்கிட்ட போயிருக்கான்னு சொல்லிடவா?"

"வண்டி பர்மிட்டுக்கு லேட்டாப் போனப்பவும் பல்லுதான் சொன்னே. இந்தக் குடும்பத்துல யாருக்குமே பல்லு இல்லைன்னு நினைச்சுக்குவாரு. சும்மா இரு."

கப்பலக்கா எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். அந்த நாட்டு மொழி அவளுக்கு உடைந்து உடைந்துதான் வரும். உடைந்தபடியே சொன்னாள்.

"அவங்க என் தம்பி மனைவி, சார். அவங்களைக் கேக்காம பேரை எழுதிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையாக் கேட்டேன். அவங்க இன்னும் பதில் சொல்லலை."

அதிகாரி அவளையே பார்த்தார். "கேட்காமல் எழுதுவது உங்கள் ஊரில் வழக்கமா?"

"எந்த ஊர்லயும் தப்புதான் சார். எங்க வீட்டுல மட்டும் பாசம்னு பேர் வெச்சிருந்தோம்."

"நான் போவதற்குள் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பத்தை மூடியாக வேண்டும். அது என் கையில் இல்லை."

"தெரியும் சார்."

அவர் பையை எடுத்துக்கொண்டார். தம்பி முகம் செத்துப்போனது. வாசல் வரை போனவர் திரும்பினார்.

"வண்டியை இன்னும் பார்க்கவில்லையே" என்றார். "வண்டி பார்க்க எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும்."

கொஞ்சமா? அப்படியொரு பரிசோதனையை அந்த வண்டி அதுவரை கண்டதில்லை, இனிமேலும் காணாது. ஒவ்வொரு சீட்டிலும் போய் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார், கழற்றினார். டயரைக் குனிந்து பார்த்தார். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு அது நல்ல பஞ்சா என்றும் பார்த்தார். ஹாரனை அடித்தார். எல்லாம் முடிந்ததும் மறுபடி முதல் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"இந்த சீட்டைத்தான் முன்னமே பாத்துட்டாரே!" என்றான் தம்பி.

"வாயை மூடுடா" என்றாள் கப்பலக்கா. அவள் கண் தெருக்கோடியில் இருந்தது.

ஒரு பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. போய்விட்டது. இன்னொன்று. அதுவும் போனது. கப்பலக்கா உள்ளே வந்து, புதிதாகப் போட்ட ஜன்னல் மேசையை ஒரு தரம் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். வருவாள் என்ற நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

"இந்தக் கறை போகாது அண்ணி. அது மரத்தோட நிறம்."

வாசலில் மேப்பு நின்றாள். ஹோட்டல் உடுப்பு, கலைந்த தலை, மேல்மூச்சு. எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து ஓடி வந்திருக்கிறாள். நேராக ஜன்னலோரம் போய், மேசையைப் பார்த்தாள். திரும்பி மூலையைப் பார்த்தாள். கெட்டிலுக்குப் பக்கத்தில் கப்பலக்காவின் மேசை.

"ஜன்னல்..." என்றாள். 

அதிகாரி வண்டியை விட்டு இறங்கி வந்தார். "நீங்கள்தானா? வேறொரு இடத்து உடுப்பு போட்டிருக்கிறீர்களே. மேலாளர் இரண்டு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது."

"வேலையை விட்டுட்டுத்தான் வர்றேன் சார். உடுப்பைத் துவைச்சுத் திருப்பித் தரணும், அவ்வளவுதான்." மேப்பு சட்டையில் குத்தியிருந்த பேர் வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். தமிழில் திரும்பிச் சொன்னாள்: "மேனேஜர் அம்மா திட்டுவாங்கன்னு பாத்தேன். 'போ. பிடிக்கலைன்னா திரும்பி வா, இடம் இருக்கும்'னாங்க. பிடிக்கலைன்னா போயிடுவேன் அண்ணி, இப்பவே சொல்லிட்டேன்."

கப்பலக்கா கிட்டே வந்தாள். இந்த நாளுக்கென்றே தேய்த்துப் போட்டிருந்த தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினாள். கை நீளம் அதிகம். மேப்பு இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.

அதிகாரி ஒரு கேள்விதான் கேட்டார். "மலைப்பாதையில் கனமழை. பயணிகள் வண்டியில் ஏறிவிட்டார்கள். முதலாளி போகச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?"

"இறங்கச் சொல்லுவேன்."

"முதலாளி உங்கள் குடும்பத்துப் பெரியவர்."

"அப்ப இன்னும் சத்தமாச் சொல்லுவேன்."

அவர் கப்பலக்காவைப் பார்த்தார். "நீங்கள் கேட்பீர்களா?"

"கப்பல்ல இதைப் பாத்திருக்கேன் சார். கப்பலுக்குச் சொந்தக்காரரே மேல நின்னு சத்தம் போடுவார். கேப்டன் வேண்டாம்னா நங்கூரத்தை எடுக்க மாட்டாங்க." மூச்சு விட்டுச் சொன்னாள்: "அதோட, இவ பேசாம இருந்தே என்னைப் படாத பாடு படுத்திட்டா. வாயைத் திறந்து சொன்னா கேக்க மாட்டேனா?"

அதிகாரி சிரித்த மாதிரி இருந்தது. மேப்பு ஜன்னல் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார். மேசை ஆடவில்லை.

"என் பக்கம் முடிந்தது. தேறிவிட்டீர்கள். லைசென்ஸை வாங்கிக்கொள்ளக் கூப்பிடுவார்கள். அதுவரை யாரையும் ஏற்றாதீர்கள்" என்றார். வாசலில் நின்று தம்பியிடம், "உங்கள் பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுவிட்டுப் போனார்.

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அவருக்குத் தமிழ் தெரியுமா?"

"பர்மிட் ஆபீஸ்ல உன் பல் கதை எல்லா மேசைக்கும் போயிருக்கும்" என்றாள் மேப்பு.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கப்பலக்கா சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்புக்கு நடுவிலேயே அழுகை வந்தது. மேப்பு குனிந்து அவள் முகத்தைக் கோட்டுக் கையால் துடைத்தாள். எத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த மூச்சு, மூன்று பேருக்கும் ஒன்றாக வெளியே வந்தது.

"எதுக்கும்மா வந்தே?" என்றாள் கப்பலக்கா.

"கேட்டீங்களே" என்றாள் மேப்பு.

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப எனக்குத் தபால் வேலை போச்சா?"

கப்பலக்கா கெட்டிலைப் போட்டாள். மூன்று கோப்பை டீ எடுத்துக்கொண்டு வந்தபோது, மேப்பு தன் மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள்.

"இவ்வளவு பெரிய ஜன்னல். நான் ஒருத்தியே எப்படிப் பாக்கறது? இப்படி வந்து உக்காருங்க அண்ணி."

உட்கார்ந்தாள். தெருவில் ஒரு பஸ் போனது. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அப்போதுதான் மேசைமேல் இருந்த புது போன் முதல் தடவையாக அடித்தது. கப்பலக்கா கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மேப்புவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மேப்பு எடுத்துக் கம்பெனி பேரைச் சொன்னாள். "ஆமா... இல்லை சார், லைசென்ஸ் கைக்கு வந்ததும்தான் பதிவு பண்ணுவோம். எத்தனை பேருக்குப் பயணம்?... ஒருத்தருக்கு. எங்கேர்ந்து வர்றீங்க?"

பதிலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்களுடைய ஊர். குரலும் தெரிந்த குரல். போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உங்க பெரியண்ணன், அண்ணி. நான்தான் எடுத்திருக்கேன்னு தெரியாது. வெளி ஆள் மாதிரி பேசறார்."

கப்பலக்கா கையில் கோப்பை அப்படியே நின்றது. தம்பி எழுந்துவிட்டான்.

மேப்பு கையை எடுத்தாள். அதே ஹோட்டல் குரல், அதே நிதானம்: "போக வர ரெண்டுக்குமா சார்? இல்லை, வர்றதுக்கு மட்டுமா?"

மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. போனை அவர் வைக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

நாமும் அவர்களோடு கொஞ்சம் காத்திருப்போம், கண்ணுகளா. நீங்கள் எழுந்து விளக்கை அணையுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரையும் எல்லாரும் வாய்விட்டுக் கேட்கும்படி ஆகட்டும். யாரும் மூலையில் உட்காராமல், ஆளுக்கொரு நாற்காலி வெளிச்சத்தில் கிடைக்கட்டும். பேசாமல் இருக்கிறவர்கள் பேசட்டும். தூரத்தில் இருக்கிறவர்கள், திரும்பிப் போகிற டிக்கெட் வாங்காமல் உங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும். நல்லா இருங்கள்.